பொன்வயலை ஆண்ட பெருஞ்சேந்தன்

பொன்வயல் அடுக்ககத்துக்கு ஒரு ராஜா தேவைப்பட்டதற்கு மோட்டார் அறையின் சாவிதான் காரணம். சாவி ஏ பிளாக்கிடம் இருந்தது. பி பிளாக் ரகசியமாக ஒரு கள்ளச் சாவி செய்து வைத்துக்கொண்டது. இதைக் கேள்விப்பட்ட சி பிளாக், சத்தம் போடாமல் பூட்டையே மாற்றிவிட்டது. அந்த வாரம் மூன்று பிளாக்கிலும் பலர் குளிக்காமல் ஆபீஸ் போனார்கள். சங்கத் தலைவர் ராஜினாமா செய்தார். அவருக்குப் பின் வந்தவர் ஒரே கூட்டத்தில் ராஜினாமா செய்தார். மூன்றாமவர் ராஜினாமாகூடச் செய்யவில்லை. கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்கு நான்கு நாள் போய் வருவதாகச் சொல்லிப் போனவர், போன் செய்தால் இருமிக் காட்டுவதோடு சரி.

கார்களும் தண்ணீர் லாரிகளும் ஓட்டுநர் இல்லாமல் தாமே ஓடக் கற்றுக்கொண்டு பல வருடங்கள் ஆகிவிட்ட காலம் அது. ஆறு மணிக்கு என்று சொல்லிவிட்டு ஒன்பது மணிக்கு வருவதையும் அவை எப்படியோ கற்றுக்கொண்டிருந்தன.

அப்போதுதான் 'அரியணை' என்ற கம்பெனியிலிருந்து ஆல்பர்ட் வந்தார். நாகர்கோவில்காரர். கையில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. ஒரு பழைய ராஜாவின் கல்வெட்டு, செப்பேடு, காசு, வெட்டிய குளம், கட்டிய கோயில் எல்லாவற்றையும் இந்தப் பெட்டிக்குள் ஊட்டிவிட்டால், இன்று ஒரு விவகாரத்தில் அந்த ராஜா என்ன ஆணை போட்டிருப்பார் என்று அது கணக்குப் போட்டு அச்சடித்துத் தரும் என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆல்பர்ட் கோபப்படவில்லை.

"சிரிக்காதீங்க சார். இப்ப மட்டும் உங்கள ஆளுறது யாரு? மணிக்கு அறுபது நிமிஷம்னு வச்சவன் பாபிலோன்காரன். நீங்க வாடகை குடுக்குற ஜூலை, ஆகஸ்ட் ரெண்டும் ரோமாபுரிக்காரன் பேரு. பரீட்சை எழுதினாத்தான் சர்க்கார் வேலைன்னு ஆரம்பிச்சவன் சீனாக்காரன். நிலத்த அளந்து கணக்கு எழுதினவன் நம்மாளு. செத்து ஆயிரக்கணக்கான வருஷமாச்சு, இன்னும் நம்மள எழுப்பி வேலைக்கு அனுப்புறது அவங்கதான். இடையில தரகர் எதுக்குன்னு கேக்குறேன். நேரா ராஜாகிட்டயே போயிரலாம்லா?"

கூட்டம் யோசித்தது. ராஜாவாக இருந்தால் ராஜினாமா செய்ய மாட்டார் என்று ஒருவர் சொன்னதும் தீர்மானம் நிறைவேறியது.

புகழ்பெற்ற பேரரசர்களெல்லாம் பெரிய டவுன்ஷிப்களுக்குப் போய்விட்டார்கள். பக்கத்து ஓஷன் பேர்ள் அடுக்ககம் ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒருவரை எடுத்திருந்தது. சாலைக்கு எதிர்ப்புறம் இருந்தவர்கள் ஒரு சீனச் சக்கரவர்த்தியை எடுத்துவிட்டு, பொருளாளர் பதவிக்கு எழுத்துத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தார்கள், யாரும் பாஸாகவில்லை. பொன்வயலின் வசதிக்குக் கிடைத்தவர் பெருஞ்சேந்தன். நாலைந்து ஊர்களை முப்பது வருடம் ஆண்ட சிற்றரசர். பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கல்வெட்டு நிறைய வெட்டி வைத்திருந்தார்.

அவருடைய கல்வெட்டுகளைப் படித்துப் பெட்டிக்கு ஊட்டும் வேலை வான்மதியின் தலையில் விழுந்தது. வான்மதி சங்க அலுவலகத்தின் ஒரே ஊழியர். தண்ணீர் லாரிக்குக் கதவு திறப்பது முதல் பார்சல்களை அடுக்குவது வரை எல்லாம் அவள்தான். மாலையில் அரசுக் கல்லூரியில் கல்வெட்டுப் பட்டய வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதுதான் வினையாயிற்று. எதை எழுதினாலும் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி போடுவது அவள் பழக்கம். பால் பாக்கெட் வந்தது என்று எழுதினால்கூடப் போடுவாள். பயந்த சுபாவம் என்று சொல்ல முடியாது. தான் தப்பாக இருக்க வாய்ப்பு உண்டு என்பதை ஒரு நிமிடமும் மறக்காத சுபாவம்.

ஒரு மாதம் உட்கார்ந்து ஊட்டினாள். கல்வெட்டுகள் முடிந்ததும் ஆல்பர்ட் சொன்னபடி அடுக்ககத்தின் வரைபடம், அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளின் பெயர்கள், வளாகத்தில் இருப்பவர்களின் விவரம் எல்லாம் சேர்த்தாள். வாசலில் பூவரச மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் தெய்வானையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குழம்பினாள். தெய்வானை அங்கே குடியிருக்கவில்லை. ஆனால் காலையிலிருந்து இருட்டும்வரை அங்கேதான் இருந்தாள். சேர்த்துவிட்டு ஒரு கேள்விக்குறி போட்டாள்.

முதல் ஆணை ஒரு சனிக்கிழமை மாலை அச்சுத் தட்டில் வந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வான்மதி எழுந்து படித்தாள்.

"ஸ்வஸ்திஸ்ரீ. அலைகடல் ஆடையாக, எண்டிசை மன்னரும் திறை சுமந்து வாசலில் நிற்க, ஓஷன் பேர்ள் அடுக்ககத்தாரைப் புறமுதுகு காட்டச் செய்து, அவர்தம் நீச்சல் குளமும் கொண்டு, வீரசிம்மாசனத்து வீற்றிருந்தருளிய கோப்பெருஞ்சேந்த தேவர்க்கு யாண்டு முதலாவது. மோட்டார் அறைச் சாவி மூன்று பிளாக்குக்கும் பொதுவாய், வாசலில் நிற்கும் தெய்வானை வசம் இருப்பதாக. இது சந்திரனும் சூரியனும் உள்ளவரை. இதற்கு அழிவு நினைப்பான், கங்கைக்கும் குமரிக்கும் இடையே செய்யப்படும் பாவமெல்லாம் கொள்வான். இப்படிக் கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்க."

சாவி இஸ்திரி வண்டியின் ஆணியில் தொங்கியது. சண்டை நின்றது. எந்தப் பிளாக்குக்கும் சொந்தமில்லாத ஒருத்தியிடம் கொடுத்ததில் மூன்று பிளாக்குக்கும் திருப்தி. கல்லில் வெட்டுவது கட்டுப்படியாகாது என்று லேமினேட் செய்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினார்கள்.

ஓஷன் பேர்ள்காரர்களுக்குத்தான் கோபம். தாங்கள் எப்போது புறமுதுகு காட்டினோம் என்று கேட்டு வாட்ஸ்அப்பில் வந்தார்கள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பெட்டிக்குச் சொன்னது தன் தப்புதானோ என்று வான்மதி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர்களுடைய ரோமாபுரிச் சக்கரவர்த்தி பதிலுக்கு எல்லை நெடுக ஒரு சுவர் எழுப்ப உத்தரவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கத்துப் பாதைகளையெல்லாம் ஸ்கேல் வைத்தாற்போல் நேராக்கவும் சொன்னார். வழியில் நின்ற ஊஞ்சலும் சறுக்கு மரமும் போயின.

பெருஞ்சேந்தன் அப்படியெல்லாம் படுத்தவில்லை. அவர் பட்டம் கொடுத்தார். கோட்டுக்குள் ஒழுங்காகக் காரை நிறுத்தியவருக்கு 'நிறுத்தப் பேரரையன்', குப்பையைப் பிரித்துப் போட்ட பி பிளாக் பல் டாக்டர் மெஹருன்னிசாவுக்கு 'இருகூடை நங்கை'. அபராதம் போட்டும் அசையாதவர்கள் பட்டத்துக்காக அதிகாலையில் எழுந்து குப்பை பிரித்தார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட ஒருவர் பட்டத்தைப் போட்டுக்கொண்டார்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், ராஜாவுக்கு இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. ஏ பிளாக்கார் வடகம் காயவைக்க மொட்டை மாடி கேட்டார்கள். சந்திரனும் சூரியனும் உள்ளவரை கொடுத்தார். சி பிளாக்கார் யோகா வகுப்புக்கு அதே மொட்டை மாடியைக் கேட்டார்கள், அவர்களுக்கும் கொடுத்தார். யோகா செய்தவர்கள் முதுகில் வடகத்தோடு இறங்கி வந்தார்கள். உடற்பயிற்சிக் கூடம் மூன்று பேருக்குச் சொந்தமாயிற்று.

எங்கே தப்பு செய்தோம் என்று தெரியாமல் வான்மதி மாலை வகுப்பில் சிக்கந்தரிடம் கேட்டாள். உலகத்தை வென்றவனின் பெயரைத் தாங்கிய அவன் பல்லாவரத்தில் கிரானைட் கடை வைத்திருந்தான். வீட்டுப் பெயர்ப் பலகை, அடிக்கல், கல்லறைக் கல் எல்லாம் வெட்டுவான். தினம் வெட்டும் எழுத்தின் பழைய கதையைத் தெரிந்துகொள்ளலாமே என்று வகுப்பில் சேர்ந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பெரும்பாலும் தூங்கினான்.

"கல்லு வெட்ட எழுத்துக்கு இவ்ளோன்னு நா வாங்குறேன் வானு. குடுத்தவன் வெட்டுவான். புடுங்கினவன் எதுக்குச் செலவு பண்ணி வெட்டப்போறான்? அதான் கல்லுல பாத்தா எல்லா ராஜாவும் வள்ளலா இருக்காங்க. நீ அத மட்டுமே ஊட்டியிருக்க. உன் ராஜா எப்படி இல்லேன்னு சொல்லுவாரு?"

அது அவள் தப்பில்லை, கல்லின் தப்பு என்று அவன் ஆறுதல் சொன்னான். அவளுக்குப் பாதிதான் ஆறியது.

ஆக, பொன்வயலில் முதலில் கேட்டவருக்குக் கிடைத்தது. இந்த விஷயம் சங்கச் செயலாளர் கோதண்டராமனுக்கும் தெரிந்துபோயிற்று.

கோதண்டராமன் காப்பீட்டுக் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஏ பிளாக்கில் தரைத் தளம். வாசலில் மின்சாரக் கார்களுக்கு சார்ஜ் போடும் கம்பங்கள் வைக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குத் தோதான இடம் பூவரச மரத்தடிதான். அங்கே தெய்வானையின் வண்டி நின்றது. அந்த வட்டாரத்திலேயே கரி போட்டு இஸ்திரி செய்யும் வண்டி அது ஒன்றுதான். கரிப்புகை நேராக அவர் வீட்டு ஜன்னலுக்குள் போயிற்று. அவர் மனைவி வசந்தாவுக்கு மூச்சிரைப்பு. அதனால் அவரை வில்லன் என்று எழுதிவிட முடியாது. ராத்திரி முழுவதும் மனைவியின் நெஞ்சைத் தடவிக்கொடுத்துவிட்டுக் காலையில் அந்தப் புகையைப் பார்க்கிற மனுஷன் வேறென்ன நினைப்பார்?

கூட்டத்தில் பாதிப் பேர் அவர் பக்கம், பாதிப் பேர் தெய்வானை பக்கம். கடைசியில் இதையும் ராஜாவிடமே விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. மனு போட அடுக்ககத்தில் வீடு இருக்க வேண்டும் என்பது விதி. தெய்வானைக்கு வீடு இல்லை. உங்களுக்காக நான் மனு எழுதித் தரட்டுமா, யாராவது குடியிருப்பவரிடம் கையெழுத்து வாங்கலாம் என்று வான்மதி கேட்டாள். தெய்வானை கரியை விசிறிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"நா எதுக்கும்மா ராஜாகிட்ட கேக்கணும்? புதுசா வர்றவன்தான் கேக்கணும். இந்த பில்டிங்கே எனக்கு அப்புறம்தான் வந்துச்சு. செங்கல்லு எறக்குனவங்க சட்டையெல்லாம் நாந்தான் தேச்சேன்."

இந்த இடம் போனால் வண்டியை எங்கே கொண்டுபோவீர்கள் என்று வான்மதி கேட்டாள். எந்த கேட்டில் நிற்க விடுகிறான்களோ அங்கே என்றாள் தெய்வானை. ஓஷன் பேர்ளில் சுவர் எழும்பிவிட்டது. எதிர்ப்பக்கம் நிற்பதற்குத் தேர்வு எழுத வேண்டும்.

இதற்கு நடுவே பெருஞ்சேந்தனிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. திடீரென்று அவர் கண்டிப்பானவராகிவிட்டார். மொட்டை மாடி காலையில் யோகாவுக்கு, பத்து மணிக்கு மேல் வடகத்துக்கு என்று பிரித்துக் கொடுத்தார். மெஹருன்னிசா தன் கிளினிக் பலகையை வாசலில் வைக்கக் கேட்டபோது, முதன்முறையாக, "மேற்படி வேண்டுகோளை ஏற்பதற்கில்லை" என்று மறுத்தார். அதே வாரம் கோதண்டராமனுக்கு 'ஒழுங்கு காத்த பெருமாராயன்' என்று ஒரு பட்டமும் வந்தது. ராஜா பக்குவப்பட்டுவிட்டார் என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. மெஹருன்னிசாவுக்குக்கூட, தன்னை மறுக்கும் தைரியம் ஒருவருக்காவது வந்ததே என்று ஒரு மரியாதை.

வான்மதி மட்டும் தூங்கவில்லை. 'மேற்படி' என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது? எந்தக் கல்வெட்டிலும் அதை அவள் பார்த்த நினைவில்லை. ஏதோ ஒன்றைத் தப்பாக ஊட்டிவிட்டோம் என்று எல்லாப் பிரதிகளையும் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு சரிபார்த்தாள். தப்பு கிடைக்கவில்லை. தப்பு கிடைக்காததும் தன் தப்பாகவே இருக்கும் என்று நினைத்தாள்.

அந்த நிலையில்தான், ஒரு சனிக்கிழமை மாலை, கோதண்டராமன் மனுவின் மீதான ஆணை அச்சுத் தட்டில் கிடந்தது. அலைகடல், எண்டிசை, ஓஷன் பேர்ள் எல்லாம் தாண்டி விஷயத்துக்கு வந்தாள். "பூவரச மரத்தடி நிலம், அங்கு முன்பிருந்த குடியை நீக்கி, மின்கம்பம் நாட்டுதற்குக் கொடுத்தோம். மேற்படி நிலத்தை நாளது தேதி முதல் ஒரு வாரத்துக்குள் காலி செய்து ஒப்படைப்பதாக."

காகிதத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். வகுப்பு முடிந்து வண்டிகள் நிற்கும் இடத்தில் வைத்து சிக்கந்தரிடம் காட்டினாள். பழைய ராஜாக்கள் நிலம் கொடுத்ததில் இரண்டு வகை உண்டு என்பது வகுப்பில் நடத்திய பாடம். ஏற்கெனவே உழுதுகொண்டிருந்த குடிகளை வெளியேற்றிவிட்டுக் கொடுப்பது ஒன்று. அவர்கள் இருந்தபடியே இருக்க, நிலத்தை மட்டும் இன்னொருவர் பேருக்குக் கொடுப்பது இன்னொன்று. பெருஞ்சேந்தன் இரண்டும் செய்திருக்கிறார். ஊட்டியவள் அவள்தானே, அவளுக்குத் தெரியும்.

"அப்ப ராஜா இப்படியும் சொல்லியிருக்கலாம், அப்படியும் சொல்லியிருக்கலாம்" என்றாள் வான்மதி. "மிஷின் காசு சுண்டிப் பாத்திருக்கு."

"நா சொல்றதக் கேளு" என்றான் சிக்கந்தர். "போன மாசம் ஒரு கட்சிக்காரர் அடிக்கல் வெட்டக் குடுத்தாரு. தலைவர் பேர்ல ஒரு எழுத்து தப்பு. நா சரி பண்ணி வெட்டினேன். தலைவர் வந்து திறந்து வச்சாரு. இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்கல."

"அது எழுத்து. இது ஒருத்தவங்க பொழப்பு."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியைக் கிளப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆணையைப் புதிதாக எழுதினாள். அவளாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ராஜாவின் கல்லில் இல்லாத ஒரு சொல்லும் வரக் கூடாது என்று தனக்குத்தானே விதி போட்டுக்கொண்டாள். வார்த்தை வார்த்தையாக ஒவ்வொரு கல்வெட்டிலிருந்தும் எடுத்துக் கோத்தாள். மின்சாரம் மட்டும் எந்தக் கல்லிலும் கிடைக்கவில்லை. அதற்கு மட்டும் விலக்கு.

கூட்டத்துக்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். தெய்வானை வரவில்லை, ஜன்னல் வழியாக அவள் விசிறுவது தெரிந்தது. வான்மதி படித்தாள்.

"பூவரச மரத்தடி நிலம், முன்பிருந்த குடி இருந்தபடியே இருக்க, மின்கம்பம் நாட்டுதற்குக் கொடுத்தோம். அக்கம்பத்தில் ஒரு முனை அக்குடிக்கு ஆவதாக. கரியும் புகையும் ஒழிந்து, அவள் தேய்ப்பதும் இவர் ஏற்றுவதும் சந்திரனும் சூரியனும் உள்ளவரை நடப்பதாக."

சிலர் கை தட்டினார்கள். கோதண்டராமன் கை தட்டவில்லை. அவர் முகத்தில் இருந்தது கோபம் என்று வான்மதி முதலில் நினைத்தாள். கோபம் இல்லை. தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனால் வேறு யாரோ உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள் என்பது போன்ற ஒரு பார்வை.

"ஆணையை நான் கொஞ்சம் பாக்கலாமாம்மா?" என்றார்.

அசல் காகிதம் அவள் பைக்குள் மடித்துக் கிடந்தது. பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இந்த வேலையும் போயிற்று, தெய்வானையின் இடமும் போயிற்று, கல்வெட்டைத் திருத்தினவள் என்று வகுப்பிலும் மானம் போயிற்று என்று வரிசையாகத் தோன்றியது.

மெஹருன்னிசாதான் நடுவில் புகுந்தார். "சந்தேகமா இருந்தா எதுக்கு சார் காகிதத்தப் பாத்துக்கிட்டு? கம்பெனிக்கு ஒரு போன் போட்டா ராஜாவையே இன்னொரு தடவ சொல்லச் சொல்லிடலாம். ஆல்பர்ட் நம்பர் எங்கிட்ட இருக்கு" என்று போனை எடுத்தார்.

"வேண்டாம்" என்றாள் வான்மதி.

"வேண்டாம்" என்றார் கோதண்டராமன், அதே நொடியில்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோதண்டராமன் தொண்டையைச் செருமினார். ராஜா சொன்னால் சொன்னதுதான், திருப்பித் திருப்பிக் கேட்டால் அது மரியாதை இல்லை, ஆணை சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வான்மதிக்கு அவர் மீது மரியாதை பொங்கியது. பெரிய மனுஷன், விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்தாள்.

அந்த நினைப்பு மறுவாரப் புதன்கிழமை வரை இருந்தது. புதன்கிழமை பெட்டியைத் திருப்பி எடுத்துப்போக ஆல்பர்ட் வந்தார். அரியணையை ஒரு கல்யாணத் தரகு கம்பெனி வாங்கிவிட்டதாம். ராஜாக்களின் பெட்டிகளையெல்லாம் ஜாதகப் பொருத்தம் பார்க்கத் திருப்பிவிட்டார்களாம்.

"இன்னைலேர்ந்து நிறுத்திடுவீங்களா?" என்று வான்மதி கேட்டாள்.

"இன்னைக்கா? போன மாசம் முதல் தேதியே எல்லா ராஜாவையும் நிறுத்தியாச்சு. செக்ரட்டரி சாருக்கு மெயில் போட்டோமே. பாத்துட்டேன்னு பதிலும் போட்டாரே."

"பெட்டியில விளக்கு எரியுதே?"

"பிளக்குல கரண்ட் இருந்தா எரியும்லா" என்று ஆல்பர்ட் பிளக்கைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது.

அவர் போன பிறகு வான்மதி வெகுநேரம் காலி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாதம் முதல் தேதி. மொட்டை மாடி பிரிந்தது அதற்கப்புறம். முதல் மறுப்பு அதற்கப்புறம். பெருமாராயன் பட்டம் அதற்கப்புறம். மேற்படி. நாளது தேதி. ஏற்பதற்கில்லை. காப்பீட்டுக் கம்பெனியில் ஆயுள் முழுவதும் மனுக்களை மறுத்துக் கடிதம் எழுதிய கை. அலுவலகத்தின் இன்னொரு சாவி செயலாளரிடம் இருந்ததையோ, அச்சுத் தட்டில் அவரே காகிதம் வைக்கலாம் என்பதையோ அவள் யோசிக்கவே இல்லை. தன்னைச் சந்தேகப்பட்டு முடிக்கவே நேரம் போதவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தான் திருத்திய ஆணை நினைவுக்கு வந்தது. பிறகு மறுபடி சிரிப்பு.

மறுநாள் மாலை கோதண்டராமன் இரண்டு சட்டைகளோடு மரத்தடிக்கு வந்தார். புதிய கம்பத்தில் அவருடைய கார் ஒரு பக்கம் மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது. மறுபக்கத்து முனையிலிருந்து தெய்வானையின் புது இஸ்திரிப் பெட்டிக்கு வயர் போயிற்று. பழைய பெட்டியின் கனம் இதில் இல்லை, துணி பயப்பட மாட்டேன் என்கிறது என்று அவள் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். சாவி எப்போதும்போல் ஆணியில் தொங்கியது. வான்மதி அதை எடுக்க வந்திருந்தாள்.

"பெட்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்களாமே" என்றார் கோதண்டராமன், சட்டையைப் பார்த்தபடி.

"ஆமா சார்."

"ஆல்பர்ட் ஏதாவது சொன்னாரா?"

"சொன்னார் சார்."

தெய்வானை சட்டையின் மேல் தண்ணீர் தெளித்தாள்.

"அந்த மெயில் வந்த அன்னைக்கு எல்லார்கிட்டயும் சொல்லணும்னுதான் கிளம்பினேன்" என்றார் கோதண்டராமன். "வழியில லிஃப்ட்ல ரெண்டு பேர் சிரிச்சுப் பேசிக்கிட்டு வந்தாங்க. ஏ பிளாக்கும் சி பிளாக்கும். நான் திரும்பி வந்துட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "வசந்தா ரெண்டு நாளா நல்லாத் தூங்கறா. கரண்ட் குடுக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல பாரு" என்றார்.

வான்மதி தான் செய்ததும் சரியில்லை என்று ஆரம்பித்தாள். அவர் கையை அசைத்துத் தடுத்துவிட்டார். கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவள் கேட்டாள். சொன்னால் சாவி யாரிடம் போகும் என்று அவர் திருப்பிக் கேட்டார். இருவரும் ஆணியைப் பார்த்தார்கள். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளரவில்லை.

"ஆனா நீங்க ஒரு தப்பு பண்ணிட்டீங்க சார்" என்றாள் வான்மதி. "ராஜா இல்லேன்னு சொல்ல மாட்டார். கல்லுல அப்படி ஒண்ணுகூட இல்ல."

"பின்ன வேண்டாததை எப்படித்தான் மறுக்கறதாம்?"

"கொடுப்போம்னு எழுதி, எப்போன்னு எழுதாம விட்டுடணும்."

கோதண்டராமன் முதன்முறையாக அவளை மரியாதையோடு பார்த்தார். அடுத்த வாரத் தண்ணீர் லாரி விவகாரத்தைத் தானே எழுதுவதாகவும், அவள் சரிபார்த்துத் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

சங்கம் கடைசியில் பூவரச மரத்தடி ஆணையை மட்டும் கல்லில் வெட்டச் சம்மதித்தது. சிக்கந்தர் பாதி விலைக்கு வெட்டிக் கொடுத்தான். முடிவில் எழுதியவர் பேர் போடுவதுதானே பழைய வழக்கம், யார் பேரைப் போடுவது என்று கேட்டான். 'இவை வான்மதி எழுத்து' என்று ஒரு வரி, அதன் கீழே 'இவை கோதண்டராமன் எழுத்து' என்று ஒரு வரி. படித்துப் பார்த்த வான்மதி வழக்கம்போல் பென்சிலை எடுத்தாள். கிரானைட்டில் பென்சில் பிடிக்கவில்லை.

அப்போதுதான் மெஹருன்னிசா வந்து, ஓஷன் பேர்ளின் ரோமாபுரிச் சக்கரவர்த்தி நேற்று இன்னொரு உத்தரவு போட்டிருக்கிறாராம், சுவரை இன்னும் இரண்டடி உயர்த்தச் சொல்கிறாராம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்தில் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்த கோதண்டராமன் வான்மதி பக்கம் திரும்பினார்.

"எல்லா ராஜாவையும் நிறுத்தியாச்சுன்னுதானே ஆல்பர்ட் சொன்னார்?" என்றார் கோதண்டராமன்.

"எல்லாரையும்னுதான் சார் சொன்னார்."

சுவருக்கு அந்தப் பக்கமும் யாரோ ஒருவர், ஆளில்லாத பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ரோமாபுரியின் குரலில் எழுதிக்கொண்டிருக்கிறார். இருவரும் அலுவலகத்துக்குப் போய் ஓர் ஓலை எழுதினார்கள். அலைகடல் ஆடையாக என்று தொடங்கி, கோப்பெருஞ்சேந்த தேவர் தம் நண்பராகிய ரோமாபுரிச் சக்கரவர்த்திக்கு நலம் கேட்டு, நீச்சல் குளம் கொண்டதாகச் சொன்னதைத் திரும்பப் பெற்று, சுவர் இருந்த அளவிலேயே நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டு முடித்தார்கள். ஓஷன் பேர்ள் சங்கத்தின் எண்ணுக்கு அனுப்பினார்கள்.

காப்பி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. செனட்டும் மக்களும் ஒப்புக்கொண்டதாகவும், சுவர் இனி உயராது என்றும் சக்கரவர்த்தி கம்பீரமாக எழுதியிருந்தார். கீழே, ஒரு வரி இடம் விட்டு, வேறு குரலில் ஒன்று இருந்தது.

"உங்க பக்கம் மோட்டார் ரூம் சாவி யாருகிட்ட இருக்கு? இங்க ரொம்பக் கஷ்டமா இருக்குங்க."